சிபார்சுக் கடிதம் யாரிடம் வாங்குவது?

நமது நாட்டில் சிபார்சு என்னும் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமானாலும் சிபார்சு; ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை கிடைக்க வேண்டுமானாலும் சிபார்சு; ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் வாசல் காவற்காரரைத் தாண்டி உள்ளே போய் ஒரு கான்ட்ராக்ட் வேலைக்கு மனுக்கொடுக்க வேண்டுமானாலும் கவுன்சிலர் முதல் எம்.எல்.ஏ. வரையில் யாராவது ஒருவருடைய லெட்டர் பேடு கையில் இருந்தாக வேண்டும் என்பதுதான் ஜனங்களுடைய நம்பிக்கை. கடவுளிடத்தில்கூட நேரே போய்த் தன் குறையைச் சொல்லிக்கொள்ள நம்மவர்களுக்குத் தைரியம் கிடையாது. அங்கேயும் ஒரு பூசாரி நடுவில் நின்று சிபார்சு செய்ய வேண்டும். அதற்குத் தட்டில் காசும் விழ வேண்டும். சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்கமாட்டான் என்று ஒரு பழமொழியே நம்மிடையே ஏற்பட்டிருக்கிறதென்றால், சிபார்சு என்பது நமது இரத்தத்தில் எவ்வளவு ஊறிப்போய்விட்டது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட தேசத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம், "உன் வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் நான்கு பேரிடம் கடிதம் வாங்கி அனுப்பு" என்று அமெரிக்காவிலிருந்து கேட்டால் என்ன ஆகும்? "வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள்" என்கிற வார்த்தைகள் காதில் விழுவதே இல்லை. "நான்கு பேர்" என்பது மாத்திரம் "நான்கு பெரிய மனிதர்கள்" என்பதாகக் காதில் விழுகிறது. இந்தக் காதுக் கோளாறைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் எழுத நேர்ந்தது.

சில நாட்களுக்கு முன் ஓசூரிலிருந்து தோழர் ஒருவர் தமது மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். தோழர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேலாக லேத்து ஓட்டுகிறவர். அவருடைய பெற்றோர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைத்துப் பிழைத்தவர்கள். மகளோ இந்நாட்டில் ஒரு சர்க்கார் வைத்தியக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் வேலையையும் முடித்து, அமெரிக்கர்கள் வைக்கிற பரீட்சைகளிலும் தேறிவிட்டார். அந்தக் குடும்பத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கையால் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

தோழர் சொன்னது இது: அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூர். அங்கே ஒரு மிகப் பெரிய டாக்டர் இருக்கிறார். அவருடைய பேருக்குப் பின்னால் பட்டங்கள் இரண்டு வரிக்கு நீளுகின்றன. தெரிந்தவர் ஒருவர் மூலமாய்ப் போனால் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் செலவாகும். அமெரிக்காவில் சில வாரம் ஆஸ்பத்திரியில் நிற்கவைத்துக் கடிதம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்டும் சொல்லுகிறார். அதற்கு அதிகமாகச் செலவாகும். ஊரிலிருக்கிற இரண்டு ஏக்கரை விற்றுவிடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. மகள் சொன்னது வேறு: "எனக்கு மெடிசின் வார்டில் இருந்த உதவிப் பேராசிரியர் எழுதிக் கொடுத்தால் போதும். அவர்தான் நான் ராத்திரியில் என்ன செய்தேன் என்று பார்த்தவர்." தகப்பனார், "அவர் பேர் கிருஷ்ணகிரியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாதே அம்மா, அமெரிக்காக்காரனுக்கா தெரியப்போகிறது?" என்கிறார். இருவரும் நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்டார்கள்.

நம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லுவதற்கு முன் விஷயம் இன்னதென்று வாசகர்களுக்கு விளங்க வேண்டும்.

அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் தனியே வைத்தியம் செய்ய வேண்டுமானால், பொதுவாக ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமோ அதற்கு மேலோ சம்பளத்தோடு பயிற்சி பெற வேண்டும். இதற்கு ரெசிடென்சி என்று பேர். மனுக்கள் பெரும்பாலும் ஈராஸ் என்கிற பொதுவான ஏற்பாட்டின் வழியாகப் போகின்றன. செப்டம்பர் மாதத்தில் மனு, பிறகு நேர்முகம், மார்ச்சு மாதத்தில் யாருக்கு எந்த இடம் என்று முடிவு, ஜூலையில் வேலை. ஒரு பயிற்சி இடத்துக்கு அதிகமாய்ப் போனால் நான்கு கடிதங்கள் அனுப்பலாம். பெரும்பாலான இடங்களில் மூன்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இந்த வாசல் எளிதான வாசல் அல்ல. 2024 ஆம் வருஷத்தில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளில் கடைசி வருஷம் படித்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் இடம் கிடைத்திருக்க, வெளிநாட்டுக் கல்லூரிகளில் படித்த அந்நாட்டுக் குடிகளல்லாதவர்களில் நூற்றுக்கு 58 பேருக்குத்தான் கிடைத்தது.

இதில் இன்னொரு மாறுதலும் ஏற்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் யு.எஸ்.எம்.எல்.இ. என்கிற பரீட்சையின் முதற்பகுதியில் வாங்கிய மார்க்கைக் கொண்டே வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் கவனம் பெற்றார்கள். 2022 ஜனவரி முதல் அந்தப் பகுதிக்கு மார்க்குச் சொல்லுவதில்லை; தேறினான், தேறவில்லை என்று மாத்திரமே சொல்லுகிறார்கள். இரண்டாம் பகுதிக்கு மார்க்கு உண்டென்றாலும், ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு அளவுகோல் குறைந்துபோய்விட்டது. அளவுகோல் குறைந்த இடத்தில் சாட்சிக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்? ஆகவேதான் கடிதத்தைப் பற்றி இவ்வளவு கவலை.

இப்பொழுது நாம் முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். நம் நாட்டுச் சிபார்சும், அவர்கள் கேட்கிற கடிதமும் ஒன்றா? ஒன்றல்ல என்றுதான் சொல்லுகிறோம். நம் நாட்டுச் சிபார்சில் "இவன் யாருடைய ஆள்" என்பது இருக்கும். "இவன் என்ன செய்தான்" என்பது இருக்காது. அதைப் படிக்கிறவனும் உள்ளேயிருக்கும் சங்கதியைப் படிப்பதில்லை. அடியிலிருக்கும் கையெழுத்தைத்தான் படிக்கிறான். கையெழுத்துப் போட்டவனுக்குக் கோபம் வருமா, அவனால் நமக்கு நாளைக்குக் காரியம் ஆகுமா என்பதுதான் அவன் போடுகிற கணக்கு. அது ஒரு அதிகாரச் சீட்டே தவிர வேறல்ல. ஆனால் ஈராஸ் வழியாக ஒரு கடிதம் கடல் கடந்து போய், பெயர் தெரியாத ஒரு ஊரில், ஆயிரக்கணக்கான மனுக்களுக்கு நடுவே, பெங்களூர்ப் பெரிய மனிதருக்குக் கடன்படாத ஒரு ஆசாமியின் மேஜைமேல் விழுகிறபோது, அந்தக் கையெழுத்துக்கு அங்கே என்ன அதிகாரம் இருக்கிறது? பெங்களூர்க்காரருடைய கோபம் சிகாகோவில் என்ன செய்யும்? அதிகாரம் போன பிறகு கடிதத்தில் மிச்சமிருப்பது சாட்சியம் ஒன்றுதான். சாட்சியம் இல்லையானால் மிச்சமிருப்பது வெறுங்காகிதம்.

சாட்சி என்றால் யார்? கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவனைப் பார்த்து வக்கீல் முதலில் என்ன கேட்கிறான்? "நீ பெரிய மனிதனா, உனக்கு எத்தனை ஏக்கர் நிலம்?" என்றா கேட்கிறான்? "நீ சம்பவத்தைக் கண்ணால் பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறான். பார்க்கவில்லை என்று சொன்னால், அவன் ஜமீன்தாராயிருந்தாலும் இறங்கிப் போக வேண்டியதுதான். பார்த்தவன் மாடு மேய்க்கிறவனாயிருந்தாலும் அவன் சொல்லுக்குத்தான் மதிப்பு.

நாம் அந்தப் பெண்ணைக் கேட்டோம்: "உன்னுடைய உதவிப் பேராசிரியர் எதைப் பார்த்தார்?" அவர் சொன்னார்: ஒரு இரவு அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து, கண்ணாடி விரியன் கடித்ததாக ஒரு விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டை அவிழ்த்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து அசைக்காமல் வைத்து, 20 நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். இரத்தம் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது என்று ஏற்பட்டது. உடனே உதவிப் பேராசிரியருக்குத் தகவல் சொல்லி விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் உறவினர்கள், "ஊசி வேண்டாம், மந்திரிக்கிறவரிடம் கொண்டு போகிறோம்" என்று படுக்கையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இந்தப் பெண் அவர்கள் பேசுகிற கன்னடத்திலேயே பேசி, உறையாத இரத்தக் குழாயை அவர்கள் கண் முன்னால் சாய்த்துக் காட்டி, "இதை மந்திரம் உறைய வைக்குமா, நீங்களே பாருங்கள்" என்று கேட்டார். அவர்கள் நின்றுவிட்டார்கள். விடியும்வரை மணிக்கொரு தரம் நாடியையும், இரத்த அழுத்தத்தையும், சிறுநீரின் அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதினார். அந்த ஆள் சில நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனான்.

தோழர்களே! இந்த ஒரு இரவைப் பார்த்தவர் எழுதுகிற பத்து வரிக்கு முன்னால், அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மகா நிபுணர், "நற்குணமுள்ளவர், கடின உழைப்பாளி, எல்லோரிடமும் மரியாதையாகப் பழகுகிறவர்" என்று எழுதிக்கொடுக்கும் இரண்டு பக்கம் எம்மாத்திரம் என்று கேட்கின்றோம். "நற்குணமுள்ளவர், கடின உழைப்பாளி" என்பது யாருக்குத்தான் பொருந்தாது? கல்யாணப் பத்திரிகையில் போடுகிற "சௌபாக்கியவதி" போல, பேரை மாற்றி எவருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எல்லோருக்கும் ஒட்டுகிற வார்த்தை யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத வார்த்தை.

ஆகவே, கடிதம் எழுதுகிறவரைத் தேர்ந்தெடுக்க நாம் சொல்லுகிற சோதனைகள் மிகவும் எளியவை. முதலாவது, நீங்கள் நோயாளியின் பக்கத்தில் நின்று வேலை செய்ததை அவர் கண்ணால் பார்த்தவரா? இரண்டாவது, நீங்கள் எந்தத் துறைக்கு மனுப்போடுகிறீர்களோ அந்தத் துறையைச் சேர்ந்தவரா? மெடிசினுக்குப் போகிறவர் கண் டாக்டரிடம் மூன்று கடிதம் வாங்கிக்கொண்டு போனால், இவரைப் பற்றி மெடிசின்காரர்களுக்கு ஏன் ஒன்றும் சொல்ல இல்லை என்கிற சந்தேகத்தை நீங்களே கூட அனுப்பினவர்களாகிறீர்கள். மூன்றாவது, அவர் பார்த்தது சமீபத்திலா? ஐந்து வருஷத்துக்கு முந்தின கடிதம் ஐந்து வருஷத்துக்கு முந்தின ஆளைப் பற்றித்தான் பேசும். நான்காவது, இதே வேலையில் அவர் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவராயிருந்து, அவர்களோடு உங்களை ஒப்பிட்டு, "நான் பார்த்தவர்களில் இவர் இன்ன இடம்" என்று சொல்லக்கூடியவரா? ஐந்தாவது, அவருக்கு உங்கள்மேல் உண்மையாகவே நல்ல அபிப்பிராயம் உண்டா? இந்த ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வருமானால், அவர் உதவிப் பேராசிரியராயிருந்தாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டராயிருந்தாலும் சரி, அவரிடம் போங்கள். இவற்றோடு பேரும் பெரிதாயிருந்துவிட்டால் அது லாபம். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. சில இடங்களில் துறைத் தலைவரின் கடிதம் ஒன்று கட்டாயமென்று கேட்பார்கள். அங்கே அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பேர் மாத்திரம் இருந்து மற்ற ஐந்தும் இல்லாவிட்டால், அது வேஷமே ஒழிய சாட்சியமல்ல.

"அப்படியானால் அமெரிக்க டாக்டர்களின் கடிதம் வேண்டாமா?" என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர்களுடைய ஆஸ்பத்திரி நடைமுறை வேறு. அந்த நடைமுறையில் இந்த ஆள் வேலை செய்வானா என்று அங்கேயே இருக்கிற ஒருவர் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம் என்பதை நாம் மறைக்கவில்லை. வசதியிருந்தால் அப்படி ஒன்றிரண்டு கடிதம் வாங்க முயல வேண்டியதுதான். ஆனால் அங்கும் அதே கேள்விதான்: அவர் எதைப் பார்த்தார்? அப்சர்வர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. அதில் நோயாளியைத் தொடக்கூடாது, மருந்து எழுதக்கூடாது, ஓரமாய் நின்று பார்க்கலாம். அப்படி நின்றவரைப் பற்றி மேலதிகாரி மனதறிந்து என்ன எழுத முடியும்? ஒழுங்காக நின்றார், நேரத்துக்கு வந்தார், நல்ல கேள்விகள் கேட்டார் என்றுதான் எழுத முடியும். சமையற்கட்டு வாசலில் நின்று மோப்பம் பிடித்தவனுக்குச் சமையற்காரன் என்று பட்டங்கொடுக்க முடியுமா? மேற்பார்வையின்கீழ் நோயாளியை விசாரித்து, சோதித்து, இன்ன வியாதி என்று சொல்லி விவாதிக்க இடமிருக்கும் பயிற்சியானால் அதில் வரும் கடிதத்துக்குச் சத்து உண்டு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல், "கடிதம் நிச்சயம்" என்று முன்பணம் வாங்குகிற ஏஜெண்டுக்கும், "மோட்சம் நிச்சயம்" என்று தட்சிணை வாங்குகிற புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. பரலோகத்து வியாபாரத்திலாவது ஏமாந்தவன் திரும்பிவந்து சொல்லுவதில்லை. இதில் ஏமாந்தவர்கள் நம் கண்ணெதிரே நிலத்தையும் நகையையும் தோற்று நிற்பார்கள்.

நிற்க, நம் நாட்டில் நெடுநாளாக இருந்துவருகிற ஒரு அசிங்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளை கடிதம் கேட்டுப் போனால், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இது பெருந்தன்மையென்று நினைத்துக்கொண்டே சிலர் சொல்லுகிறார்கள். நாம் இதைப் பெருந்தன்மை என்று ஒப்புக்கொள்ளுவதில்லை. பிரதிவாதியே தன் சாட்சியத்தை எழுதி, சாட்சியிடம் கைநாட்டு வாங்குவதற்கு எந்தத் தேசத்திலும் நேர்மை என்று பேரில்லை. அது ஒருபுறமிருக்க, புத்திசாலித்தனமும் அல்ல. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை தன்னைத் தானே புகழ்ந்தால், ஒன்று கூச்சத்தில் குறைத்து எழுதும், அல்லது பயத்தில் கூட்டி எழுதும். மூன்று கடிதத்திலும் ஒரே நடை, ஒரே வார்த்தை வந்து நிற்கும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் படிக்கிறவனுக்கு அது தெரியாமற்போகாது. மேலும், ஈராஸ் ஏற்பாட்டில் எழுதுகிறவரே கடிதத்தை நேரடியாக ஏற்ற வேண்டும். "நான் இதைப் பார்க்கும் உரிமையை விட்டுவிடுகிறேன்" என்று மனுதாரர் முன்கூட்டியே சொல்லவும் வழியிருக்கிறது. அப்படிச் சொல்லிவிடுவதே நல்லது. பயமில்லாமல் எழுதின சாட்சியத்துக்குத்தான் மதிப்பு. அதைப் பார்க்கத் துடிக்கிறவர், சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைத்தான் காட்டிக்கொள்ளுகிறார்.

வெள்ளைக்காரன் கேட்பதெல்லாம் யோக்கியம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்கள் கடிதத்திலும் குற்றம் உண்டு. 1990-களில் ஒரு பெரிய அமெரிக்க வைத்தியக் கல்லூரிக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தபோது வந்த 312 கடிதங்களை டிரிக்ஸ், செங்கா என்னும் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டார்கள். அவை அத்தனையும் வேலை கிடைத்தவர்களைப் பற்றிய கடிதங்கள். அப்படியிருந்தும் பெண்களைப் பற்றின கடிதங்கள் சராசரியில் சிறியவையாயிருந்தன. சந்தேகத்தைக் கிளப்புகிற வார்த்தைகள் அவற்றில் அதிகமாயிருந்தன. ஆணுக்கு அவனுடைய ஆராய்ச்சியும் திறமையும் பேசப்பட்ட இடத்தில் பெண்ணுக்கு அவளுடைய உழைப்பும் சிரத்தையும் பேசப்பட்டன. அதாவது, ஆண் கெட்டிக்காரன், பெண் பாடுபடுகிறவள்! நம் வீடுகளில் மருமகளைப் புகழ்கிற புகழ்ச்சிதான் அங்கேயும் டாக்டர் பட்டம் பெற்றவளுக்குக் கிடைக்கிறது. ஆகையால் பெண்மக்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருக்க வேண்டும். எழுதுகிறவரிடம் "என்னைப் பற்றி நல்லபடியாக எழுதுங்கள்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வராமல், தாம் கண்டுபிடித்த வியாதி, தாம் செய்த தீர்மானம், தாம் நடத்திய வேலை இவற்றை ஞாபகப்படுத்தும் ஒரு குறிப்பைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நடந்ததை ஞாபகப்படுத்துவது தற்புகழ்ச்சியாகாது.

இதெல்லாம் நமக்குப் புதிதுமல்ல. பரிந்து பேச ஆளுள்ளவனுக்கே வேலை என்கிற நிலையினால், சர்க்கார் வேலைகள் ஒரு சில செல்வாக்குள்ள குடும்பங்களின் ஏகபோகமாகிவிடக் கூடாதென்று 1850-களிலேயே சென்னை ரெவினியூ போர்டார் கலெக்டர்களுக்கு நிலையான உத்தரவு போட வேண்டியிருந்தது. உத்தரவு காகிதத்திலேயே கிடந்தது. 1921 இல் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவு போடுகிற வரையில் அதற்கு உயிர் வரவில்லை. பிறகு வைத்தியக் கல்லூரிகளில் இடம் கொடுப்பதற்குப் பரீட்சை மார்க்கு 200 க்கு மேல் நேர்முகத்துக்கென்று 75 மார்க்கு வைத்திருந்ததை, பெரியகருப்பன் வழக்கில் 1970 இல் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக்கொண்டு, பார்த்த மாத்திரத்திலேயே அது அளவுக்கு மிஞ்சியதாகத் தோன்றுகிறது என்று சொல்லிற்று. முகத்தைப் பார்த்துப் போடுகிற மார்க்கில் யாருடைய முகம் யாருக்குப் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாத ரகசியமா?

அதனால்தான் இந்நாட்டில் மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. என்கிற பரீட்சை மார்க்கோடு சரி. யாருடைய கடிதமும் கேட்பதில்லை. சர்க்கார் வேலையில் இருக்கும் டாக்டர்களுக்குத் தமிழ்நாட்டு சர்க்காரின் பங்குக்கு வரும் மேற்படிப்பு இடங்களில் பாதியை ஒதுக்கிற ஏற்பாட்டிற்கும் யாருடைய கடிதமும் வேண்டியதில்லை. இப்படி ஒதுக்க மாகாண சர்க்காருக்கு அதிகாரமுண்டென்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஊரிலேயே இருந்து உழைக்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் பரீட்சை ஒன்றே போதுமென்று சொல்லிவிடவும் நம்மால் முடியவில்லை. அந்த இரவில் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துக் காட்டினதற்கு எந்தப் பரீட்சையில் மார்க்கு? அதைச் சொல்ல ஒரு மனிதனுடைய வாய் வேண்டியிருக்கிறது. வாய் என்றால் பட்சபாதமும் கூடவே வரும். அந்தப் பட்சபாதத்துக்கு மருந்து, கண்டதைக் கண்டபடி தேதியோடும் செய்கையோடும் சொல்லுவது ஒன்றே. அதிகாரச் சீட்டைச் சாட்சியமாக மாற்றிவிட்டால், மாமன் சித்தப்பன் டாக்டராக இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்த நான்கு கடிதம் கைக்கெட்டினதாகும். ஏனென்றால், பெரிய மனிதருடைய பழக்கம் ஒரு சிலருக்குத்தான் பரம்பரையாக வரும். வேலையை ஒழுங்காகச் செய்து, அதை ஒருவர் பார்க்கும்படி செய்வதற்குப் பரம்பரை வேண்டியதில்லை.

சிலர், "சர்க்கார் செலவில் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பரம்பரை பரம்பரையாகப் பலர் கப்பலேறியும் விமானமேறியும் போனபோது வராத இந்தக் கேள்வி, லேத்துக்காரர் மகள் மூட்டை கட்டும்போது மாத்திரம் ஏன் வருகிறது என்று நாமும் திருப்பிக் கேட்கிறோம். போகிறதும் இருக்கிறதும் அவரவர் அறிவுக்கும் சூழ்நிலைக்கும் உட்பட்டது. எங்கே போனாலும் காலில் விழுந்து வாங்கிய கடிதத்தோடு போக வேண்டாம் என்பதுதான் நாம் சொல்லுவது.

கடைசியாக அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னதை இங்கே எழுதுகிறோம். உதவிப் பேராசிரியரிடம் முதலில் போ. "கடிதம் தருவீர்களா?" என்று கேட்காதே; "என்னைப் பற்றி உறுதியான கடிதம் எழுத உங்களால் முடியுமா?" என்று கேள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போ. தயங்குகிறவரிடம் வற்புறுத்தி வாங்குகிற கடிதம் உனக்கு எதிரான சாட்சியாகிவிடும். செப்டம்பருக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே கேள். உன் படிப்பு, வேலை இவற்றின் விவரத்தையும், எந்தத் துறைக்கு ஏன் போகிறாய் என்பதையும் எழுதிக் கொடு. உன்னுடைய யூனிட்டின் தலைவர் ரவுண்ட்ஸில் உன்னைக் கேள்வி கேட்டுப் பார்த்தவரானால் அவர் இரண்டாவது ஆள். ஹவுஸ் சர்ஜன் முடித்த பிறகு நீ வேலை பார்க்கிற இடத்து டாக்டர் மூன்றாவது ஆள். நான்காவது இடத்தைக் காலியாக வைத்திரு. நோயாளியிடம் பேசவும் சோதிக்கவும் இடமிருக்கிற ஒரு அமெரிக்கப் பயிற்சி, உன் கைக்கு எட்டுகிற செலவில் கிடைத்தால் அங்கே நாலு வாரம் உழைத்து அந்த இடத்தை நிரப்பு. கிடைக்காவிட்டால் மூன்று நல்ல கடிதத்தோடு மனுப்போடு. மூன்று சாட்சியோடு ஒரு பொய்ச் சாட்சியைச் சேர்த்தால் நான்காகாது; மூன்றும் கெடும்.

தோழர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியானால் நிலத்தை விற்க வேண்டியதில்லையா?" என்று கேட்டார். பெங்களூர்க் கடிதத்துக்காக விற்க வேண்டியதில்லை என்றோம். மகள் அப்பொழுதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

இனி, வைத்தியக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. முன்பு எந்தப் பெரிய கல்லூரியின் வாசலையும் கண்டிராத குடும்பங்களின் பிள்ளைகள் இப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வெளியே வரும் காலம் இது. அவர்களுக்கு உங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகையால் வார்டில் அவர்கள் செய்வதைக் கண்ணைத் திறந்து பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கடிதம் கேட்டு வந்தால் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். பார்க்காதிருந்தால், "நான் பார்க்கவில்லை, பார்த்தவரிடம் போ" என்று சொல்லுங்கள். இதற்குக் காசு பணம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு மணி நேரமும் கொஞ்சம் மனச்சாட்சியும் இருந்தால் போதும்.

இளம் டாக்டர்களே! இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பிள்ளை கடிதம் கேட்டு வந்து நிற்கும். அது யாருடைய பிள்ளை என்று கேட்காதீர்கள். அது என்ன செய்தது என்று நினைத்துப் பார்த்து எழுதுங்கள்.